கெர்ட்ரூட் மணியன்

என் மாமனார் பெயர் குமாரசாமி. முருகன் பெயர் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். நிலத்துக்குப் பட்டா வாங்கிக் கொடுத்த கணக்குப்பிள்ளையின் பெயர் அது. என் கணவர் மணியன். வாய்க்காலிலிருந்து அவர்கள் தோட்டத்துக்கு மடை திறந்துவிட்ட ஓவர்சியர் ஒருவர் மணியன் என்று இருந்தாராம். நாத்தனார் வசந்தாமணிக்கு, மாமியாரைப் பாம்பு கடித்தபோது ஊசி போட்ட நர்ஸின் பெயர். அவர்கள் வீட்டு ரேஷன் கார்டைப் படித்தால் தாலுகா ஆபீஸ் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். இவர்கள் அதைப் பிறப்புச் சான்றிதழிலேயே எழுதிவிடுகிறவர்கள். ஒரு பிள்ளை வயிற்றில் இருக்கும்போது யாரால் குடும்பத்துக்குக் காரியம் ஆனதோ, அவர் பெயர்தான் அந்தப் பிள்ளைக்கு. கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது இரண்டாயிரமாவது வருஷம், நியூஜெர்ஸியில், பிஸ்கட்டவே என்கிற ஊர் அபார்ட்மெண்டில், ஐந்தாவது மாசத்தில்.

ஸ்கேனில் பெண் குழந்தை என்று சொல்லி அனுப்பினார்கள். காரில் ஏறி சீட் பெல்ட் போடுவதற்குள் மணியன் ஆரம்பித்துவிட்டார்.

"பேரு முடிவாயிருச்சு அம்மிணி."

"என்னங்க பேரு?"

"கெர்ட்ரூட்."

நான் ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்தேன். அவர் வேலை பார்ப்பது மருந்துக் கம்பெனியில்.

கெர்ட்ரூட் ஹாஃப்மன் அவருடைய மேனேஜர். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் ட்ரூடி. கெர்ட்ரூட் என்பதன் சுருக்கம்தான் ட்ரூடி என்பது அந்த ஆபீஸில் யாருக்கும் தெரியாது, என் கணவரைத் தவிர. இவருக்குத் தெரிந்ததும், கிரீன் கார்டு காகிதங்களில் அந்த அம்மாள் முழுப்பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டதால்தான். எங்கள் ஆறு வருஷ விசா அடுத்த செப்டம்பரில் முடிகிறது. அதற்குள் கிரீன் கார்டு விண்ணப்பம் கடைசிப் படி ஏறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடுகிறவர் ட்ரூடி.

"ஓவர்சியரு தோட்டத்துக்குத் தண்ணி விட்டாரு. இந்தம்மா நமக்கு அமெரிக்காவுல தண்ணி விடறாங்க. வேற யாரு பேரை வெக்கறது?" என்றார்.

நான் கல்லூரியில் தாவரவியல் படித்த நாளிலிருந்தே ஒரு பெயரை மனதில் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். கயல். சின்னப் பெயர், வாய் வலிக்காத பெயர். பெண் பிறந்தால் கயல் என்று எனக்குள் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். அதை மணியனிடம் சொன்னேன்.

"கயல் யாரு? நமக்கு என்ன பண்ணுனாங்க?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார்.

எனக்கு வேலை பார்க்கும் விசா கிடையாது. நடந்து போகும் தூரத்தில் லைப்ரரி இருந்தது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு தினமும் போய், எதிரியைப் பற்றிப் படித்தேன். கெர்ட்ரூட் பழைய ஜெர்மானியப் பெயர். 'கெர்' என்றால் ஈட்டி, 'ட்ரூட்' என்றால் வலிமை. ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன் பெல்ஜியம் பக்கம் அந்தப் பெயரில் ஒரு கன்னிமடத் தலைவி இருந்திருக்கிறார். எலித் தொல்லை வந்தால் ஜனங்கள் அந்தப் புனிதவதியைத்தான் வேண்டிக்கொள்வார்களாம். ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்களோடு பெயரும் வந்து, நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் தடுக்கி விழுந்தால் ஒரு கெர்ட்ரூட் என்று இருந்திருக்கிறது. அரசாங்கப் பட்டியலில் முதல் முப்பது பெயர்களுக்குள் ஒன்று. அப்புறம் வருஷா வருஷம் இறங்கி, அறுபதுகளில் ஆயிரத்தை விட்டே வெளியேறிவிட்டது. கோயமுத்தூரில் இந்த வருஷம் பிறந்த பிள்ளைக்குக் கருப்பாத்தாள் என்று வைப்பதற்குச் சமம்.

இத்தனையையும் ஒரு தாளில் எழுதி வந்து, சாப்பிடும்போது வாசித்துக் காட்டினேன். அவர் ரசத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"ஈட்டி, பலம்" என்றார் மெதுவாக. "அப்ப சக்திவேல்தானே அம்மிணி?"

அதோடு நான் தொலைந்தேன். எங்கள் பக்கத்துச் சாதிசனத்தில் பாதி ஆண்கள் சக்திவேல்தான். அந்த வாரமே ஃபோன் கார்டு வாங்கி ஊருக்குப் பேசினார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி மாமனார் குரல் கேட்டது. "நம்ம சென்னிமலையான் கை வேலுங்கறே. அப்பறம் என்ன ரோசனை? பேஷா வெய்யி" என்றார். எலி விஷயத்தையும் மகன் விடாமல் சொல்லியிருப்பார் போல. "அது நல்லதுதான், நம்ம களத்துலயும் எலி சாஸ்தி" என்றும் சொன்னார். ஜெர்மன்காரர்களும் சென்னிமலைக்காரர்களும் இப்படி ஒன்றாகச் சேருவார்கள் என்று எந்த லைப்ரரிப் புத்தகத்திலும் இல்லை.

டிசம்பரில் வளைகாப்பு. எடிசன் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் கண்ணாடி வளையல் வாங்கி, அபார்ட்மெண்டின் பொதுக் கூடத்தில் வைத்தோம். ட்ரூடியும் வந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, உயரம், தலைமுடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார். வாசலில் ஷூவைக் கழற்றச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவராகவே கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். என் கன்னத்தில் சந்தனம் பூசச் சொன்னதும், பெயிண்ட் அடிக்கிறவர் மாதிரி கவனமாகப் பூசினார். அதற்கு முன்னால் மணியன் மைக் இல்லாமலேயே கூட்டத்துக்கு அறிவித்துவிட்டார், பிறக்கப் போவது கெர்ட்ரூட் என்று. எல்லோரும் கை தட்டினார்கள். ட்ரூடி மட்டும் தட்டவில்லை.

புளியோதரை எடுத்து வைக்க நான் சமையல் மேடைப் பக்கம் போனபோது பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆங்கிலத்தில், தணிந்த குரலில் சொன்னார்:

"தயவுசெய்து இதைச் செய்யாதே. பள்ளிக்கூடத்தில் என்னை டர்ட்டி கெர்ட்டி, அழுக்கு கெர்ட்டி என்று கூப்பிட்டார்கள். பதினாலு வயதில் ட்ரூடி ஆனேன். அதற்குப் பிறகு யாரும் என்னை அப்படிக் கூப்பிட நான் விட்டதில்லை. அந்தப் பெயர் என்னோடு முடியட்டும். எனக்குப் பிள்ளைகள் இல்லை, நல்லதாகப் போயிற்று. உன் புருஷனிடம் நீ சொல். சத்தியம் செய்."

நான் செய்தேன். சந்தோஷமாகவே செய்தேன். மேனேஜரே என் கட்சி. இதைவிட என்ன வேண்டும்?

அன்று சாயங்காலம் வளையல்கள் குலுங்க மணியனிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"பெரியவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. உடனே சரின்னு சொன்னா என்ன மரியாதை?"

"ஏனுங்க, அவங்க அமெரிக்கன். வேண்டாம்னா வேண்டாம்னுதான் அர்த்தம்."

"கல்யாண வீட்டுல பாயசம் வரும்போது எலைக்கு மேல கையை வெச்சு மறைப்பாங்கல்ல, போதும் போதும்னு? அப்ப என்ன பண்ணுவோம்?"

"வெரலுக்கு நடுவுல ஊத்துவோம்."

"அவ்வளவுதான்" என்றார்.

இவரிடம் என்ன பேசுவது? ஐந்து வருஷமாக அமெரிக்காவில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற மனுஷன். யாராவது வேண்டாம் என்றால் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அன்று கொத்தமல்லிச் சட்னி கெட்டியாகிவிட்டது. அமெரிக்கர்களை எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். லைப்ரரியில் தினமும் பார்க்கிறேனே.

பிப்ரவரியில் குழந்தை பிறந்தது. மறுநாள் காலை கையில் அட்டையோடு ஒரு பெண் வந்து பிறப்புப் பதிவுப் படிவத்தைக் கொடுத்தாள். மணியன் அப்போது வராந்தாவில் ஃபோன் கார்டைச் சுரண்டிக்கொண்டு ஊருக்கு லைன் கிடைக்கப் போராடிக்கொண்டிருந்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். ஈட்டியும் இல்லை, எலியும் இல்லை. மேனேஜருக்குச் செய்த சத்தியம் ஞாபகம் வந்தது. ஒரு பெரிய மனுஷியின் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்ற நிம்மதியோடு கயல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் ஆசையும் அதுவாகவே இருந்தது தற்செயல்.

மணியன் லைன் கிடைத்து, ஊருக்கு கெர்ட்ரூட் பிறந்துவிட்டாள் என்று சொன்னார். ஆபீஸுக்கு ஈமெயில் அனுப்பினார். அடுத்த வாரம் ஆபீஸிலிருந்து ஒரு கேக் வந்தது. ரோஸ் நிற க்ரீமில், கெர்ட்ரூடுக்கு நல்வரவு என்று எழுதியிருந்தது. நான் அந்தப் பெயரின் முதல் நாலு எழுத்தையும் மணியன் மிச்சத்தையும் சாப்பிட்டோம்.

மூன்றாவது வாரம் தபாலில் குழந்தையின் சோஷியல் செக்யூரிட்டி கார்டு வந்தது. மணியன் அதை வாசற்படியில் நின்று படித்தார். உள்ளே வந்து ஷூ ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்தார். அது அவர் கனத்துக்கு வாங்கியதல்ல.

"அந்தம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்றார்.

"அவங்கதான் என்கிட்ட சத்தியம் வாங்குனாங்க."

"உன்கிட்ட வாங்குனாங்க. அதுவும் வேண்டாம்னு ஒரு தடவைதானே சொன்னாங்க? மூணாவது தடவை வரைக்கும் சொன்னாத்தான் நெசம்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார். கிரீன் கார்டு வரும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று. ஆக எங்கள் மகள் வீட்டில் கயல் ஆனாள், ஆபீஸில் கெர்ட்ரூட் ஆனாள். அவர் மேஜையில் அவள் படம், கீழே கெர்ட்ரூட் மணியன் என்று சீட்டு. அப்படி ஒரு பிரஜை இந்த நாட்டில் இல்லை. வீட்டில் தொட்டிலுக்கு மேலே, மர எழுத்தில் நான் கயல் என்று தமிழில் ஒட்டினேன். பசை நல்ல பசை.

ஏப்ரலில் ஆபீஸில் ஆள் குறைக்க ஆரம்பித்தார்கள். அந்த வசந்தத்தில் நியூஜெர்ஸி முழுக்க அதே பேச்சுதான். ஓக் ட்ரீ ரோடு கடைகளில் வார நாளிலேயே ஆண்கள் கூட்டம் தெரிந்தது. மணியனின் பிரிவில் பதினொரு பேர் இருந்தார்கள். மே முடிவதற்குள் நாலு பேர் ஆனார்கள். மணியன் அந்த நாலில் ஒருவர்.

"பாத்தியா பேரோட மகிமையை?" என்றார். இல்லாத பெயரின் மகிமை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஆனால் எனக்கும் பயமாக இருந்தது. விஷயம் தெரிந்தால் மகிமை போய்விடுமே என்று, அவரைவிட அதிகமாகவே பயந்தேன். யாராவது ஆபீஸிலிருந்து ஃபோன் செய்தால், குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், பெயர் சொல்லாமலேயே பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

கிரீன் கார்டின் கடைசிப் படிக்குக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். இந்த ஆள் இங்கே வேலையில் இருக்கிறார், இனியும் இருப்பார் என்று மேனேஜர் உறுதி சொல்ல வேண்டும். ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை ட்ரூடி அதில் கையெழுத்துப் போட்டார். இருப்பார் என்று எழுதிக் கொடுத்தவர் அன்று சாயங்காலமே அங்கே இல்லை. ஆள் குறைப்பில் அவர் பெயரும் வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷ வேலை. மேஜைச் சாமான்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, மணியனிடம் வந்து, "நாளைக்குக் குழந்தையைப் பார்க்க வரலாமா?" என்று கேட்டாராம்.

சனிக்கிழமை காலை முழுக்க வீட்டில் தடயம் அழித்தோம். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டை பீரோவுக்குள் போயிற்று. டாக்டர் சீட்டு, என் அத்தை பெயர் எழுதி அனுப்பிய வெள்ளிக் கொலுசுப் பெட்டி எல்லாம் போயிற்று. மர எழுத்து மட்டும் சுவரை விட்டு வரமாட்டேன் என்றது. மணியன் கத்தி எடுத்து வந்தார்.

"விடுங்க. தமிழ்தானே. படிக்கவா போறாங்க?" என்றேன்.

ட்ரூடி வந்தார். வாசலில் ஷூவை ஜோடி சேர்த்து வைத்தார். நல்ல வேளை, மணியன் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் ஒளிந்துகொண்டார். நான் குழந்தையைக் கொடுத்தேன். ஐந்து மாசத்துக் குழந்தை, புது ஆள் என்றால் வீரிடுகிறவள், ட்ரூடியின் மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக இருந்தாள்.

"அம்மா" என்று ஆரம்பித்தேன். எப்படியாவது நன்றி சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. "இவரை வேலையில் வைத்துக்கொண்டீர்கள். இந்தப் பெயருக்காக..."

ட்ரூடி தலையை ஆட்டினார். "பெயருக்காகவா? இல்லை, இல்லை. உன் புருஷனை வேலையில் வைத்துக்கொண்டது அவனுக்குச் சம்பளம் குறைவு, வேலை அதிகம் என்பதற்காக. பெயருக்காக ஆபீஸில் நான் எதுவும் செய்யவில்லை. செய்யவும் கூடாது."

சமையலறையில் டீ வடிகட்டும் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது.

"பெயருக்கென்று கொடுக்க என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது" என்று பையிலிருந்து ஒரு சிறிய வெள்ளிக் கோப்பையை எடுத்தார். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை அளவுதான் இருக்கும். துலக்கித் துலக்கித் தேய்ந்த விளிம்பு. வயிற்றில் கெர்ட்ரூட் என்று பொறித்திருந்தது. அவர் பிறந்தபோது அவருடைய அம்மா பொறித்து வாங்கியதாம்.

"வளைகாப்பு அன்றைக்கு உன்னிடம் சத்தியம் வாங்கினேன் இல்லையா?" என்றார். "வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்கவில்லை. நீ சத்தியத்தைக் காப்பாற்றிவிடுவாயோ என்று பயமாகிவிட்டது. இந்தப் பெயரை வேண்டும் என்று கேட்ட ஆட்கள் என் வாழ்க்கையில் நீங்கள் இரண்டு பேர்தான். உன்னிடம் எப்படி வந்து, சரி, வையுங்கள் என்று கேட்பது? வெட்கமாக இருந்தது. பிறகு மணியன் ஈமெயில் வந்தது. அந்த கேக்கை யார் வாங்கியது என்று நினைக்கிறாய்? நான்தான். ஆபீஸ் முழுக்க, யார் இந்தக் கெர்ட்ரூட் என்று கேட்டார்கள். நான்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன்."

விரலுக்கு நடுவில் ஊற்றியிருக்க வேண்டும். மணியன் சொன்னதுதான் சரி. அமெரிக்காவை லைப்ரரியில் படித்த நான், இலைமேல் இருந்த கையைப் பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த பந்திக்கே போய்விட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ட்ரூடி குழந்தையோடு எழுந்து தொட்டிலருகே போனார். சுவரில் இருந்த மர எழுத்துகளைப் பார்த்தார்.

"இது என்ன?"

"அவள் பெயர்" என்றேன். அதில் பொய் இல்லை.

ட்ரூடி விரலை நீட்டி 'க'வின் வளைவில் மெதுவாக ஓட்டினார். பிறகு 'ய', பிறகு 'ல்', கடைசியில் மேலே இருக்கும் புள்ளி. ஒன்றையும் விடவில்லை.

"என் பெயர் உங்கள் பாஷையில் இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது" என்றார். "இவ்வளவு சின்னதாகவும். இப்படி இருந்திருந்தால் நான் மாற்றியிருக்கவே மாட்டேன்."

மணியன் டீ தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லாதே என்று அந்த முகம் கேட்டது. கிரீன் கார்டுக்காகக் கேட்கவில்லை. கடிதம் ஏற்கெனவே எங்கள் பீரோவில் இருந்தது.

ட்ரூடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, குழந்தைக்குக் கீழே நிற்கும் தன் காரைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது மாசமாகச் சண்டை போட்ட பெயர். ஒரு தடவைகூட என் மகளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"கெர்ட்ரூட்" என்று கூப்பிட்டேன்.

குழந்தை திரும்பவில்லை. ட்ரூடிதான் திரும்பினார்.